நிக்கலில் ஏறி, கோபால்ட்டில் மாறி

முப்பத்து மூன்று வருடம் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். வீடு வாணியம்பாடியில். பிறந்தபோது வட ஆற்காடு மாவட்டம், 1989ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019லிருந்து திருப்பத்தூர். விலாசத்தில் நாலு மாவட்டம் பார்த்தாயிற்று, வீடு ஒரு அடி நகரவில்லை.

கவிதையும் எழுதுவேன். இதை டெப்போவில் ஒரு வியாதி மாதிரிதான் பார்த்தார்கள். வேபில் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கணக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டதற்காக ஒருமுறை மெமோ வாங்கியிருக்கிறேன். அந்த மெமோவிலேயே ரெண்டு சந்திப்பிழை இருந்தது. பதிலில் அதைச் சுட்டிக்காட்டலாமா என்று யோசித்து, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு கவியரங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு பேர் வாசித்தோம். அதில் ஐந்து பேர் "நாமெல்லாம் நட்சத்திரத் தூசி" என்று வாசித்தார்கள். ஐந்தாவது ஆள் வாசிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். விஷயம் பொய்யில்லை, நம் உடம்பில் இருக்கிற இரும்பு மாதிரிச் சரக்கெல்லாம் நட்சத்திரங்களில் உண்டானதுதான். ஆனால் பூ, நிலா, தென்றல் இருந்த இடத்தில் அப்படியே அதைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறோம். அந்தத் தூசி எங்கே கிளம்பியது, எதில் வந்தது, எங்கே இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. கண்டக்டருக்கு இது உறுத்தாதா?

சரி, நானும் யோக்கியனில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

1995 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம் எனக்கு ஜவ்வாது மலை ரூட். வாணியம்பாடியில் சாயங்காலம் கிளம்பி, ஆலங்காயம் தாண்டி, காட்டுக்குள் ஏறி, காவலூரைக் கடந்து, மேலே ஒரு கிராமத்தில் நைட் ஹால்ட். காலை முதல் டிரிப் அங்கிருந்து இறங்க வேண்டும். பஸ்ஸிலேயே படுக்கை. எனக்குக் கடைசி நீள சீட்டு. டிரைவர் அண்ணன் பானெட் பக்கத்தில் துண்டு விரித்துவிடுவார், அந்தச் சூட்டில்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

காவலூர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டெலஸ்கோப் ஊர். 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே ஆரம்பித்தார்கள். 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் துணைக்கோளான கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற தடயம் அதே வருடம் அங்கே கிடைத்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திரம் விட்டு விட்டு மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கர்கள் கண்டதை, சந்தன மரம் முளைக்கிற இந்தக் காட்டிலிருந்தும் பதிவு செய்திருக்கிறார்கள். 1988ல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர். நான் அந்த வாசலில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் கொஞ்ச நாள் கேட்டதேயில்லை. ஸ்டேஜ் நம்பரும் சில்லறையும்தான் கவலை.

அங்கே கண்ணாடிப் பராமரிப்பில் வேலை பார்த்த ஒருவர் வாரம் ரெண்டு தடவை எங்கள் பஸ்ஸில் வருவார். விஞ்ஞானி இல்லை, டெக்னீஷியன். நான் "சார்" என்பேன், அவர் என்னைக் "கண்டக்டரே" என்பார். இரண்டு பேருக்கும் கடைசி வரை அதுதான் உறவுமுறை. பையில் எப்போதும் தமிழ்ப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய அறிவியல் கட்டுரைகள் வைத்திருப்பார். "நாங்க இங்க பண்றத எங்க வீட்டுக்காரிக்குச் சொல்லணும்னா இதுங்க வேணும்" என்பார். பெ.நா. அப்புஸ்வாமியின் பெயரை முதலில் கேட்டது அவரிடம்தான். சட்டம் படித்துவிட்டு, வாழ்நாளெல்லாம் தமிழில் அறிவியல் எழுதிய மனிதர். 1891ல் பிறந்தவர். ஹாலி வால்வெள்ளி 1910ல் வந்தபோது பதினெட்டு வயதுப் பையன். அது திரும்பி வந்த 1986ல் இறந்தார்.

நான் கவிதை எழுதுவது சாருக்குத் தெரிந்ததும் ஒன்றைக் காட்டச் சொன்னார். வேலூரில் கைதட்டல் வாங்கிய கவிதையைப் பெருமையாக நீட்டினேன். அதன் சாரம் இதுதான்: நீ அண்ணாந்து பார்க்கிற நட்சத்திரம் என்றைக்கோ செத்துப்போனது, வந்து சேர்ந்திருப்பது அதன் ஒளி மட்டும், என் காதலும் அப்படியே. மேடையில் அழுதவர்களும் உண்டு.

சார் இரண்டு தடவை படித்தார். ஆலங்காயத்தில் டிக்கெட் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன், அப்போதும் பேப்பரைக் கையில் வைத்திருந்தார்.

"கண்டக்டரே, எந்த நட்சத்திரம் செத்துப்போச்சு?"

"பொதுவா சொன்னேன் சார்."

"பொதுவா எதுவும் சாகல. வெறுங்கண்ணுக்குத் தெரியறதுல ரொம்ப தூரத்துல இருக்கறதே சில ஆயிரம் ஒளியாண்டுதான், அதாவது அதோட ஒளி இங்க வந்துசேர சில ஆயிரம் வருஷம். நட்சத்திரத்தோட ஆயுசு எவ்வளவு தெரியுமா? கம்மியா வாழறதே பல லட்சம் வருஷம். நம்ம சூரியன் மாதிரின்னா ஆயிரம் கோடி. நீங்க பாக்கறது எல்லாம் கிட்டத்தட்ட இன்னும் உயிரோட எரிஞ்சிட்டுதான் இருக்கு."

"திருவாதிரை?" என்றேன். அது வெடிக்கப் போகிறது என்று எங்கோ படித்திருந்தேன்.

"அது வெடிக்கும். ஒரு லட்சம் வருஷத்துக்குள்ள எப்ப வேணா. அதோட ஒளி நமக்கு வர ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகும். அந்த லட்சத்துல சரியா இந்த ஐந்நூறுக்குள்ள அது வெடிச்சிருக்கணும். லாட்டரி மாதிரி. அதுக்கு நீங்க அழுதா நான் என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கவிதைக்கு லைசென்ஸ் உண்டு சார் என்றேன். லைசென்ஸ் இருந்தாலும் ராங் சைடுல போனா கேஸ்தான் என்று டிரைவர் அண்ணன் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. ஒரு வாரம் சாரோடு சரியாகப் பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் கிழித்து நீட்டினேன்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கும்போது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்: "கார்த்திகை ஏறக்குறைய 440 ஒளியாண்டு. சுவாதி 37. அத வெச்சு ஏதாவது பண்ணுங்க."

440 வருடம். கணக்குப் போட்டேன். கழித்தால் பதினாறாம் நூற்றாண்டின் நடு. எங்கள் வேலூர்க் கோட்டை எழுந்த காலம். யாரோ கல்தச்சன் அகழிப் பக்கம் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கார்த்திகையிலிருந்து கிளம்பிய ஒளி, இப்போது நைட் ஹால்ட் பஸ்ஸின் ஜன்னலுக்கு வருகிறது. கிளம்பிய இடமும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. யாரும் சாகவில்லை. தச்சனைத் தவிர. செத்த நட்சத்திரத்தைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை, பேசாமல் எழுதி வைத்தேன்.

அப்புறம் 1996 மார்ச் வந்தது.

ஹியாகுடாகே வால்வெள்ளி பற்றிய கட்டுரையைச் சார் முன்கூட்டியே கொடுத்திருந்தார். ஜனவரி கடைசியில் ஜப்பானில் ஒருவர் பெரிய பைனாகுலர் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. அவரும் தொழில்முறை விஞ்ஞானி இல்லை, ஆர்வலர். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மார்ச் 25ஆம் தேதி பூமிக்கு ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் வரை வரும், அதாவது நிலா இருக்கும் தூரத்தைப் போல நாற்பது மடங்கு என்று போட்டிருந்தது. முன்னே வந்து போனது ஏறக்குறைய 17,000 வருடங்களுக்கு முன்.

மார்ச் 23, சனிக்கிழமை. அமாவாசை கழிந்து நாலு நாள்தான், பிறை சீக்கிரமே இறங்கிவிட்டது. நடுராத்திரி தாண்டி ஒன்றுக்குப் போகக் கீழே இறங்கினேன். கிராமத்தில் ஒரு விளக்கு இல்லை. தலைக்கு மேலே சுவாதி. அதற்குச் சற்று வடக்கே ஒரு நட்சத்திரத்தை யாரோ விரலால் தேய்த்துவிட்டது போல, பச்சையும் நீலமும் கலந்த ஒரு பஞ்சு. அதிலிருந்து வால். முதலில் வால் எனக்குத் தெரியவே இல்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக அது நீண்டுகொண்டே போனது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் வானத்தில் பத்து பாகை என்று சார் சொல்லிக் கொடுத்திருந்தார். அளந்தேன். மூன்றரை முஷ்டி வரை நிச்சயமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் வாலா, என் ஆசையா என்று சொல்ல முடியவில்லை.

டிரைவர் அண்ணனை எழுப்பினேன். பார்த்தார். "இதுக்கா எழுப்புன" என்றார். ஆனால் போய்ப் படுக்கவில்லை. பீடி பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, வெளிச்சம் கண்ணை மறைக்கிறது என்று அவராகவே அணைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, "டேய், அது நகர்ந்துடுச்சுடா" என்றார். ஆமாம். பக்கத்தில் இருந்த சின்ன நட்சத்திரத்தை விட்டு, நிலா அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாக விலகியிருந்தது. அவ்வளவு கிட்டே இருந்ததால் மணிக்கு மணி நகர்வது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அவர் வாழ்நாளில் என்னை டேய் என்றது அந்த ஒரு தடவைதான்.

சுவாதியின் 37 ஞாபகம் வந்தது. 1996ல் முப்பத்தேழைக் கழித்தால் 1959. என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமான வருடம். 17,000 வருடம் கழித்து வந்த விருந்தாளியும், கல்யாணத்தன்று கிளம்பிய வெளிச்சமும் ஒரே இடத்தில் நின்றன. இதற்கு நான் உவமை எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. கணக்கை மட்டும் எழுதினேன். கவிதையாகிவிட்டது. ஆகவில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், போகட்டும்.

பாரதி ஹாலியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூமகேதுப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். புத்தகத்தை எடுத்துப் புதிதாகப் படித்தேன். 1910ல் அவர் புதுச்சேரியில் இருந்தார். பூமி அந்த வாலுக்குள் புகுந்து வெளியே வரும், வாலில் விஷவாயு இருக்கிறது என்று உலகமே பயந்த வருடம். பயத்தைப் போக்க மாத்திரை விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. பாரதி பத்திரிகைகளில் விஞ்ஞானிகள் சொன்னதைப் படித்திருக்க வேண்டும். வால் பல கோடி யோசனை நீளம், ஆனால் மிக மென்மையான வாயுவால் ஆனது, மண்ணைத் தொட்டாலும் "ஏழையர்க்கு ஏதும் இடர்செயாதே நீ போதி என்கின்றார்" என்று எழுதுகிறார்.

அந்த "என்கின்றார்" மேல்தான் என் கண் போய் நின்றது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப வருகிறது. தகவலுக்குத் தகவல் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார் மனிதர். இது என் சரக்கு இல்லை, அவர்கள் சொன்னது. பிறகு மறைக்காமலும் சொல்லிவிடுகிறார்: உன் இயல்பை அன்னியர் உரைக்கக் கேட்டே தெரிந்துகொண்டோம், "எம்முளே தெளிந்தவர் ஈங்கிலர்." ஆனால் அந்த வால்வெள்ளி பார்க்க எப்படி இருந்தது என்று சொல்லும்போது மட்டும் யாரையும் கேட்கவில்லை. "தினையின் மீது பனை நின்றாங்கு" என்கிறார். தினையளவு தலை, அதன்மேல் பனையளவு வால். தகவல் வெளியூர்க்காரன் கொடுத்தது, தினையும் பனையும் நம் கொல்லையில் நிற்பது. எந்த வானியல் கட்டுரையிலும் அவருக்கு அந்தப் பனை கிடைத்திருக்காது.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. சூரியனின் பாதையையும், காற்று திரியும் திசையையும், வெறுமையாய் நிற்கும் ஆகாயத்தையும் "சென்று அளந்து அறிந்தார் போல" சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். நேரில் போய் அளந்துவிட்டு வந்த மாதிரி! அதில் கொஞ்சம் வியப்பு, கொஞ்சம் கிண்டல் இரண்டுமே எனக்குக் கேட்கிறது. சாரிடம் சொன்னேன். "எங்க ஆபீஸ் வாசல்ல எழுதி வைக்கலாம்" என்றார்.

பாரதியின் அந்த "ஈங்கிலர்" சாருக்கு முன்பே தெரியும். அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். ஹாலி மறுபடி வந்த 1986ல், ஜனவரி 6ஆம் தேதி, காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதைக் கனவு கண்டு ஆரம்பித்த வானியலாளர் வைணு பாப்பு 1982லேயே இறந்துவிட்டார், பெயர்தான் அவருடையது. "எழுபத்தாறு வருஷத்துல ஒரு பதில் சொல்லிட்டோம் பாருங்க" என்றார் சார். நான் 1986ல் வேலையில்லாமல் மொட்டை மாடியில் ஹாலியைத் தேடித் தேடிக் காணாமல் கழுத்து வலியோடு கீழே இறங்கியவன். அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை.

இனி அந்தத் தூசி விவகாரம்.

மலையில் நிறையப் பெண்களுக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டு எங்கள் பஸ்ஸில் திரும்புவார்கள், மடியில் இரும்புச்சத்து மாத்திரை. ஒரு சாயங்காலம் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண். மாத்திரையைக் கொண்டைஊசி வளைவில் ஜன்னலுக்கு வெளியே போடப் போனாள். "ஏம்மா?" என்றேன். "துரு வாசம் அடிக்குதுண்ணே, குமட்டுது" என்றாள். சார் பின் சீட்டில் இருந்தார். அவள் இறங்கியதும் கேட்டேன், இரும்பு எங்கே இருந்து சார் வருது?

அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நட்சத்திரம் வெடித்தால் உடனே இரும்பு வராது. முதலில் நிக்கல்-56 என்ற ஒரு வகை நிக்கல். அது ஆறு நாளில் பாதி கோபால்ட்டாகிவிடும். அந்தக் கோபால்ட் பாதியாகக் குறைய 77 நாள். அது மாறித்தான் இரும்பு. இப்படி மாறும்போது வருகிற சக்திதான், வெடித்த நட்சத்திரத்தை மாதக்கணக்கில் பிரகாசிக்க வைக்கிறது. நாம் பார்க்கும் அந்த வெளிச்சம், இரும்பு உண்டாகிக்கொண்டிருக்கிற வெளிச்சம்.

77 நாள். மலையில் சாமை விதைத்து அறுக்க ஆகும் நாளைவிடக் கொஞ்சம் கம்மி. அந்த ஒப்பீடு எனக்குக் கிடைத்தபோது பாரதியின் தினை ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அன்றிரவு நீள சீட்டில் படுத்து எழுதியது:

துரு வாசம் அடிக்கிறதாம்.
மடியில் முடிந்த மாத்திரையை
மலைப்பாதையில் வீசப் பார்க்கிறாள்.
நிக்கலில் ஏறி
கோபால்ட்டில் இறங்கி
சாமை விளையும் நாளளவு காத்திருந்து
இரும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது, தாயி.
கடைசி ஸ்டாப் உன் வயிறுதான்.
ஒரு வாய் தண்ணி குடி.

அடுத்த வாரம் சாரிடம் நடுங்கிக்கொண்டே நீட்டினேன். ஆலங்காயம் போனது, செக்போஸ்ட் போனது, காவலூரும் வரப்போகிறது, மனிதர் வாய் திறக்கவில்லை. ஸ்டாப்பில் விசில் அடித்தேன். எழுந்து நின்றுகொண்டு சொன்னார்:

"தப்பு இல்ல. ஆனா நான் அன்னிக்கு முழுசா சொல்லல. வெடிக்கறதுல ரெண்டு வகை. சின்னதா செத்துச் சுண்டிப்போன வெள்ளைக் குள்ளன் வெடிக்கறது ஒண்ணு. ரொம்பப் பெரிய நட்சத்திரம் உள்ளுக்குள்ள நொறுங்கி வெடிக்கறது ஒண்ணு. ரெண்டுலயும் இரும்பு வரும்."

"அப்ப அந்தப் பெரிய நட்சத்திரத்துல இருந்து நேரா இரும்பா வருமா சார்? டைரக்ட் பஸ்ஸா?"

"இல்ல இல்ல. அங்கயும் நிக்கல், கோபால்ட், அப்புறம்தான் இரும்பு. 1987ல ஒண்ணு வெடிச்சுது. அது மங்கின வேகத்த அளந்து பாத்தாங்க. கோபால்ட் கணக்கு அப்படியே பொருந்துச்சு."

"அப்ப டெப்போ ரெண்டு, ரூட் ஒண்ணு."

சார் படியில் நின்றபடி சிரித்துவிட்டார். "அதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போனார்.

முப்பது வருடம் ஆகப்போகிறது. "டெப்போ ரெண்டு, ரூட் ஒண்ணு" என்பதை அந்தக் கவிதைக்குள் ஏற்ற எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டேன். முதல் வரிக்கு முன்னால் வைத்தால் பெண் காணாமல் போகிறாள். "தாயி"க்கு அப்புறம் வைத்தால் கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு அது ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வருகிறது.